நாட்டுத் துப்பாக்கியா, ரைபிள் கிளப்பா, ஏர் ரைபிளா? மதுரையிலிருந்து தொடங்க நினைப்பவருக்கு

குழல் வாய்க்குள் கருமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக் குண்டைக் கோலால் இறக்கிக் கெட்டித்து, ஒரே ஒரு வெடிக்கு இத்தனை பாடுபடும் பழைய ரைபிள்களின் மேல் ஆசை வைத்தவர்கள் மதுரைப் பக்கமும் இருக்கிறார்கள். சிலருக்கு யூடியூப் பார்த்து வந்த ஆசை. சிலருக்குப் பாளையக்காரர் வரலாறு படித்து வந்தது. சிலர் வீட்டுப் பரணிலேயே தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று கிடக்கும். எப்படி வந்த ஆசையாக இருந்தாலும், எதில் தொடங்குவது என்பதில்தான் எல்லோரும் நிற்கிறார்கள்.

அமெரிக்கர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இதற்குப் பதில் சுலபம். அங்கே 1968-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைப் பழம்பொருள் கணக்கில் வைத்து மற்ற துப்பாக்கிகளுக்கான கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும், ஆனாலும் பல இடங்களில் கடையில் வாங்கி அந்த வாரமே சுடலாம். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது. இருநூறு வருடப் பழைய நுட்பமாக இருந்தாலும் சுடக்கூடியது என்றால் உரிமம் வேண்டும். அதனால் இங்கே உள்ள வழிகள் மூன்று: உரிமத்தோடு நாட்டுத் துப்பாக்கி (நம் ஊரில் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி), ரைபிள் கிளப், உரிமம் தேவைப்படாத, காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிள். மூன்றில் எது உங்களை அந்தப் பழைய ரைபிளுக்கு அருகில் கொண்டுபோகும் என்று பார்ப்போம்.

நாட்டுத் துப்பாக்கி: பெயரில் நெருக்கம், காரியத்தில் தூரம்

முதலில் தோன்றுவது இதுதான். உசிலம்பட்டி, பேரையூர் பக்கமோ சிறுமலை அடிவாரத்திலோ தோட்டம் வைத்திருப்பவர்களிடம் உரிமத்தோடு ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே வழியில் நாமும் வாங்கலாமே என்று தோன்றும்.

சட்டத்தின் 13-ஆவது பிரிவைப் பொறுமையாகப் படித்தால் சிக்கல் புரியும். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு அது குறிப்பிடும் காரணம் உண்மையான பயிர்ப் பாதுகாப்பு. குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்கு அது குறிப்பிடும் ஆயுதங்கள் .22 ரைபிளும் (குழல் விட்டம் 0.22 அங்குலம்) ஏர் ரைபிளும், அதுவும் அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினருக்கு. அதாவது நமக்குப் பிடித்த துப்பாக்கி ஒரு வரியில், நமக்குப் பிடித்த பொழுதுபோக்கு அடுத்த வரியில். இரண்டும் சேரும் இடம் அங்கே எழுதப்படவில்லை. வேறு நல்ல காரணம் காட்டியும் விண்ணப்பிக்கலாம். அதை ஏற்பதும் மறுப்பதும் உரிமம் தரும் அதிகாரியின் கையில். பொழுதுபோக்குக்காகப் பயிரைக் காரணம் காட்டுவது பொய் விண்ணப்பம், அந்த யோசனையே வேண்டாம்.

சரி, கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். போலீஸ் விசாரணை, புதுப்பித்தல், தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது எல்லாவற்றையும் தாண்டிக் கையில் வரும் துப்பாக்கி எப்படிப்பட்டது? பயிர்க் காவலுக்கு வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். சின்னச் சின்ன ஈய ரவை போட்டுக் கிட்டத்தில் சுடுவதற்கு அது போதும். நீங்கள் வீடியோவில் பார்த்த ரைபிளின் குழலுக்குள் சுருளாக வரிப்பள்ளங்கள் ஓடும். குண்டு குழலைவிட ஒரு மயிரிழை சிறியது. அரை அங்குலக் குழலுக்குப் பெரும்பாலும் 0.490 அங்குலக் குண்டு போடுவார்கள். எண்ணெய் தடவிய துணி அந்த இடைவெளியை அடைத்து வரிப்பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு குண்டைச் சுழற்றி அனுப்பும். அந்தச் சுழற்சியில்தான் நூறு மீட்டர்த் துல்லியம் இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியில் அது கிடையாது. வெளிநாட்டிலிருந்து அப்படி ஒரு ரைபிளை வரவழைப்பதும் சாதாரண ஆளுக்கு நடக்காத காரியம். பெயர் பெற்ற விளையாட்டு வீரர்களுக்கே அந்தச் சலுகை.

பரணில் கிடப்பது பற்றி ஒரு வார்த்தை. பழசுதானே, சுவரில் மாட்டி வைக்கலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். 45-ஆவது பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருந்தால்தான் அது செல்லும். துருப்பிடித்திருப்பது போதாது. ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு, உரிமம் இல்லாத பொருள் என்றால் முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள். நீங்களே துடைத்து எண்ணெய் போட்டு, விசை வேலை செய்கிறதா என்று பார்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் சிவகாசி இருப்பதால் மருந்துக்கு என்ன பஞ்சம் என்று விளையாட்டாகப் பேசுவார்கள். பட்டாசில் சத்தத்துக்காகப் போடும் அலுமினியத் தூள் கலந்த மருந்து கருமருந்தே அல்ல. குழலில் போட்டால் குழல் வெடித்து முகத்தில் வரும். துப்பாக்கிக்கான கருமருந்து குருணை குருணையாகத் தரம் பிரித்துச் செய்யப்படுவது. புகையில்லா மருந்தும் இந்தத் துப்பாக்கிகளுக்கு ஆகாது, அதன் அழுத்தத்தைப் பழைய வகைக் குழல் தாங்காது. உரிமம் இருந்தாலும் இதில் சோதனை செய்து பார்ப்பதற்கு எதுவுமில்லை.

ரைபிள் கிளப்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நல்ல வழி. உறுப்பினரானால் கிளப் துப்பாக்கியிலேயே பழகலாம். எந்த நேரமும் குழலை எங்கே நீட்டியிருக்கிறோம் என்ற நினைப்பு உடம்பில் ஊறிவிடும். தனியாகப் பழகுபவருக்கு அது லேசில் வராது. பின்னால் விளையாட்டுக் காரணம் காட்டி உரிமம் கேட்கும் எண்ணம் இருந்தால் கிளப் பதிவுகள் உதவும்.

குறை என்று சொன்னால், அங்கே எல்லாம் ஒலிம்பிக் பாதையில்தான் போகும். பத்து மீட்டரில் அரை மில்லிமீட்டர்ப் புள்ளியைக் குறிவைக்கும் விளையாட்டு அது. அதற்கான இன்றைய ஏர் ரைபிள்கள் அழுத்தக் காற்றில் இயங்குபவை, உதைப்பே தெரியாது. பதக்கத்துக்கு அது சரி. பழைய ரைபிள் மேல் ஆசைப்பட்டவருக்கு அதில் மனம் ஒட்டாமல் போகலாம். மெடல் பேச்சு, மதிப்பெண் பேச்சு, விலையுயர்ந்த ஜாக்கெட் பேச்சு எல்லாம் சேர்ந்து சிலரை விரட்டிவிடும்.

ஸ்பிரிங் ஏர் ரைபிள்: என் ஓட்டு இதற்கு

ஏர் ரைபிள் என்றதும் திருவிழாக் கடையில் பலூன் சுடுவது ஞாபகம் வந்து சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பலூன் துப்பாக்கி எந்த முறையில் இயங்குகிறதோ, அதே ஸ்பிரிங் முறைதான் கருமருந்து ரைபிளுக்குக் கிடைக்கிற நல்ல பள்ளிக்கூடம்.

கல் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குதிரை, அதாவது சுத்தியல் போன்ற பாகம், விழுகிறது. அதன் வாயில் கவ்வியிருக்கும் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கிறது. பொறி கிண்ணத்து மருந்தைப் பற்றவைக்கிறது. அந்தத் தீ பக்கத் துளை வழியாக உள்ளே போய் மூல மருந்தைப் பிடித்த பிறகே குண்டு கிளம்புகிறது. அந்த இடைவெளி கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். கன்னத்துக்குப் பக்கத்திலேயே புகையும் தீயும் எழும்போது அசையாமல் குறியிலேயே நிற்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இங்கேதான். விசையை இழுத்தோம், வேலை முடிந்தது என்று தலையைத் தூக்கிவிடுகிறார்கள்.

ஸ்பிரிங் ஏர் ரைபிளிலும் இதே சோதனை உண்டு. விசையை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நெரிக்கிறது. பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி உதறத் தொடங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடித்தால் ஒரு பக்கம் போகும், தோளில் அழுத்தம் மாறினால் இன்னொரு பக்கம் போகும். லேசாக, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பிடித்து, பெல்லட் அட்டையில் படும்வரை குறியை விடாமல் இருந்தால்தான் குழி ஒரே இடத்தில் விழும். கிளப்பின் உதைப்பில்லாத ரைபிள் இந்தத் தவறுகளைப் பாதிக்கு மேல் மன்னித்துவிடும். ஸ்பிரிங் மன்னிக்காது. ஒரு வெடிக்கு ஒரு தடவை குழலை மடக்கி, ஒரு பெல்லட் வைத்து, மூடி, மூச்சை அடக்கிச் சுடும் அந்த நிதானமும் பழைய ரைபிளின் நிதானத்துக்கு நெருக்கமானது. தொலைநோக்கி மாட்டாமல் இரும்புக் குறியிலேயே பழகுங்கள். பழைய ரைபிள்களில் இருப்பது அதுதான்.

சட்டப்படி 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் என்றால் ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கடையில் கேட்பார்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கடைக்காரர் .22 குழலைப் பெருமையாகக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உரிமம் கேட்பது அந்த இடத்தில்தான்.

எங்கே சுடுவது? மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். நம் ஊரில் பக்கத்து மாடியில் எப்போதும் யாராவது வடகம் காயப் போட்டுக்கொண்டிருப்பார்கள். மாசி வீதிப் பக்கத்துப் பழைய நீள வீடு என்றால் முற்றத்திலிருந்து பின்கட்டு வரை பத்து மீட்டர், ஏறத்தாழ 33 அடி, உள்ளேயே கிடைக்கும். பின்னால் மணல் மூட்டை, இடையில் யாரும் குறுக்கே வர முடியாதபடி அடைத்த கதவு, கண்ணுக்குக் கண்ணாடி. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பெல்லட்டும் ஈயம்தான். தோட்டத்தில் சுடுபவர்கள் மயிலையோ புறாவையோ பார்த்துக் கை நீட்ட வேண்டாம். உரிமம் தேவையில்லாத துப்பாக்கி என்றாலும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டம் பாயும்.

டெக்சாஸில் மகன் இருந்தால்

மதுரையில் இப்போது வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போயிருக்கும் மாதங்களில் உண்மையான ரைபிளைச் சுட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு அடுத்த குழப்பம் வரும்: மருந்தைப் பற்றவைப்பது திரியா, கல்லா, கேப்பா (குதிரை அடித்ததும் தீப்பற்றும் சிறு செப்பு மூடி)? போகும் மாநிலத்தில் வெளிநாட்டுப் பயணிக்கு என்ன விதி என்பதை முதலில் மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

திரித் துப்பாக்கியை விட்டுவிடலாம். பாளையக்காரர் படைகளின் கையில் அது இருந்தது என்பதால் நமக்குப் பாசம் உண்டு. ஆனால் எரியும் திரியையும் கருமருந்தையும் ஒரே ஆளிடம் கொடுப்பது புதியவருக்கான வேலை இல்லை.

கல்லுக்கும் கேப்புக்கும்தான் போட்டி. அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1807-ல் காப்புரிமை பெற்ற, அடித்தால் தீப்பற்றும் மருந்து முறையிலிருந்துதான் பின்னாளில் செப்புக் கேப்பு வந்தது. குதிரை கேப்பில் விழுந்ததும் தீ நேராக உள்ளே போகும். தாமதம் குறைவு, தூறலிலும் பெரும்பாலும் வெடிக்கும், குண்டு தவறினால் காரணம் கண்டுபிடிப்பதும் எளிது. கல் துப்பாக்கியில் கல்லின் முனை மழுங்கும், கிண்ணத்து மருந்து ஈரம் வாங்கும், துளை அடைக்கும். எது காரணம் என்று தெரிவதற்குள் அரை நாள் போய்விடும். அங்கே உள்ளவர்கள் கேப்புக்குத் தட்டுப்பாடு வருகிறது, கல் என்றால் கவலையில்லை என்பார்கள். சொந்தமாக வைத்திருப்பவருக்கு அது நியாயமான வாதம். சில வாரம் பழகப் போகிறவருக்குக் கேப்பு ரைபிளே போதும். ஸ்பிரிங் ரைபிளில் கை பழகியவர் என்றால் மட்டும் கல்லையும் கேட்டு வாங்கிச் சுடுங்கள், அசையாமல் நிற்கிற பழக்கம் அங்கே கைகொடுக்கும்.

மருந்தைக் குப்பியிலிருந்து நேரே குழலில் கொட்டக் கூடாது. உள்ளே கங்கு மிச்சம் இருந்தால் குப்பியே வெடிக்கும், தனி அளவையில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். சுட்ட அன்றைக்கே சுடுதண்ணீரும் சோப்பும் விட்டுக் குழலைக் கழுவ வேண்டும், கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். ஊருக்குக் கிளம்பும்போது ஞாபகத்துக்காகக் கேப்போ மருந்தோ எதுவும் பெட்டியில் வர வேண்டாம். சுடும் இடத்துக்குக் கொண்டுபோன பையையே விமானத்துக்கும் எடுத்துப் போகாதீர்கள். மருந்துத் தூள் ஒட்டிய பையை விமான நிலையச் சோதனையில் துடைத்துப் பார்த்தால் மணிக்கணக்கில் உட்கார வைத்துவிடுவார்கள்.