பரிமாற்றமா, கூட்டுப் பட்டமா, கடல் கடந்த வளாகமா: பல்கலைக்கழகம் எதில் இறங்கலாம்?

பல்கலைக்கழகங்களின் பன்னாட்டுத் திட்ட ஆவணங்களைப் புரட்டினால், கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் எண்ணிக்கைதான் முதலில் கண்ணில் படும். கடந்த இரண்டு ஆண்டுகளில் அவற்றில் எதன் கீழ் ஒரு மாணவராவது போனார் அல்லது வந்தார் என்று கேட்டால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். மீதியெல்லாம் புகைப்படத்துக்குப் போட்ட கையெழுத்து. ஐந்தாண்டு முடிந்தால் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிடுவதால் அவை சாவதும் இல்லை.

உண்மையில் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டிய வழிகள் மூன்று: மாணவர் பரிமாற்றம், கூட்டு அல்லது இரட்டைப் பட்டம், வெளிநாட்டில் சொந்த வளாகம். செலவையும் பெயரையும் வைத்து இவற்றை ஒப்பிடுவதுதான் வழக்கம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது: வேண்டாம் என்று ஆகிவிட்டால் எவ்வளவு காலத்தில், எவ்வளவு சேதத்தோடு வெளியே வரலாம்? பரிமாற்றம் என்றால் ஓராண்டு போதும். கூட்டுப் பட்டம் என்றால் கடைசியாகச் சேர்ந்த மாணவர் அரியர் எல்லாம் எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். நான்காண்டுப் படிப்புக்கு ஆறு ஆண்டு ஆனாலும் வியப்பில்லை. வளாகம் என்றால் இதோடு கட்டடக் கடன், நிலக் குத்தகை, ஊழியர் இழப்பீடு எல்லாம் கூட வரும். எந்த அவை எதை முடிவு செய்யலாம் என்பதும் இதை வைத்துத்தான் அமைய வேண்டும். ஓராண்டில் முறிக்கக்கூடியதைத் துறைத் தலைவரும் பன்னாட்டு அலுவலகமும் முடிவு செய்யட்டும். ஒரு துணைவேந்தரின் பதவிக்காலத்தைத் தாண்டி நீளும் எதுவும் சிண்டிகேட் அல்லது அதற்கு நிகரான ஆட்சிக்குழுவுக்குப் போயே ஆக வேண்டும். பிரச்சினை வெடிக்கும்போது கையெழுத்துப் போட்டவர் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

பரிமாற்றம்: மலிவு, ஆனால் கணக்குப் பிசகும்

மாணவர் தன் சொந்தப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டிவிட்டுக் கூட்டாளிப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படிப்பார். அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். பணம் கைமாறாது. 1987இல் தொடங்கிய ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் பெரிதாக வளர்ந்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

கணக்கை ஆள் எண்ணிக்கையில் வைக்காமல் செமஸ்டரில் வையுங்கள். ஓராண்டு தங்குபவர் இரண்டு அலகு, ஒரு செமஸ்டர் தங்குபவர் ஓர் அலகு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நேர் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கத்திலிருந்து ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், மறுபக்கத்திலிருந்து யாரும் வர மாட்டார்கள், ஒரு கட்டத்தில் எதிர்த்தரப்பு கதவைச் சாத்திவிடும்.

அடுத்த சிக்கல் காலண்டர். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் முதல் மார்ச் வரை. தென்கோளத்தில் கல்வியாண்டே பிப்ரவரி வாக்கில்தான் தொடங்கும். ஜூலையில் தொடங்கி நவம்பரில் தேர்வு வைக்கும் பல்கலைக்கழகம் இந்த இரண்டோடும் நேராகப் பொருந்தாது. தேர்வு எழுதிவிட்டு ஜெர்மனிக்குக் கிளம்பினால் அங்கே வகுப்பு பாதி முடிந்திருக்கும். முன்னதாகக் கிளம்பினால் இங்கே அரியர். போகும் மாணவருக்குத் தனித் தேர்வு வைக்கத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அதிகாரம் இருக்கிறதா என்று விதிகளைப் பார்த்து, இல்லையென்றால் முதலில் அதைத் திருத்திக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடுவது நல்லது.

மதிப்பெண் மாற்றத்தில்தான் மாணவர் உண்மையில் அடிபடுகிறார். ஜெர்மன் முறையில் 1.0 என்பது உச்சம், 5.0 தோல்வி, 1.7 வாங்கி வந்தவர் நன்றாகப் படித்தவர். பிரிட்டனில் 70 எடுத்தாலே முதல் வகுப்பு. இரண்டையும் நூற்றுக்கு நூறு அளவுகோலில் அப்படியே பெருக்கிப் போடும் குமாஸ்தா ஒருவர் போதும், நல்ல மாணவரின் சராசரி சரிந்துவிடும். கிரெடிட் கணக்கும் அப்படியே. ஐரோப்பிய முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனில் ஓராண்டுக்கு 120. ஆகவே எண்ணை எண்ணோடு ஒப்பிடாமல், ஒரு முழுச் செமஸ்டருக்கு ஒரு முழுச் செமஸ்டர் என்று வைத்து, எந்தப் பாடத்துக்கு ஈடாக எந்தப் பாடம் என்று போகும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அங்கே போன பிறகு பாடம் மாறினால் இரண்டு வாரத்துக்குள் திருத்திய தாளை அனுப்ப வேண்டும். திரும்பி வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று விட்ட இடத்தில்தான் எல்லாத் தகராறும் தொடங்குகிறது.

கூட்டுப் பட்டம்: இரண்டு பதிவாளர், ஒரு மாணவர்

கூட்டுப் பட்டம் என்றால் இரண்டு பல்கலைக்கழக முத்திரையோடு ஒரே சான்றிதழ். இரட்டைப் பட்டம் என்றால் தனித்தனியாக இரண்டு சான்றிதழ். விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நிர்வாகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வேறொரு நிறுவனத்தின் முத்திரையோடு பட்டம் அச்சிட அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டம் இடம் தருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. பல இடங்களில் தராது. அதனால்தான் பலரும் இரட்டைப் பட்டத்துக்குப் போகிறார்கள். அதில் வேறு வம்பு: ஒரே பாடத்தை இரண்டு பட்டத்துக்கும் எண்ணுவது. எவ்வளவு எண்ணலாம் என்பதற்கு வரம்பு வைக்காவிட்டால், ஒன்றரைப் பட்டத்துக்கான உழைப்பில் இரண்டு பட்டம் கிடைக்கிறது என்று வேலை கொடுப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தியாவில் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைகள் எங்கே எவ்வளவு படிக்கலாம் என்பதற்கு எல்லை கட்டியிருக்கின்றன: கூட்டுப் பட்டத்தில் ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைந்தது 30 சதவீத கிரெடிட் பெற வேண்டும்; படிப்பின் ஒரு பகுதியை வெளிநாட்டில் படித்து இந்திய நிறுவனத்தின் பட்டத்தையே பெறும் ட்வின்னிங் முறையில், வெளிநாட்டில் பெறுவது 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஒப்புதல் ஏறிச்செல்ல வேண்டிய படிகள்: பாடத்திட்டக் குழு, கல்விக்குழு, நிதிக்குழு, சிண்டிகேட், பிறகு ஒழுங்குமுறை அமைப்பு. எதிர்த்தரப்பிலும் இதே போல. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழில்முறைப் படிப்பென்றால் அந்தந்தத் தொழில் மன்றத்தின் அங்கீகாரம் தனி. இவை ஒன்றுக்கொன்று காத்திருப்பதால், பேச்சு தொடங்கிய நாளிலிருந்து முதல் வகுப்புக்கு இரண்டு கல்வியாண்டு என்று திட்டமிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அடுத்த ஜூனிலேயே தொடங்குகிறோம் என்று அறிவித்தால் கல்விக்குழு படிக்காமலே கையெழுத்துப் போட வேண்டியதாகிவிடும்.

ஒப்பந்தத்தில் விட்டுப்போவது எப்போதும் ஒரே இடம்தான்: மாணவர் தவறினால் என்ன? ஒருவர் அங்கே மூன்றாம் ஆண்டில் ஒரு பாடத்தில் தோற்கிறார். மறுதேர்வு யாருடைய விதிப்படி? கருத்துத் திருட்டு என்று பிடிபட்டால் எந்தக் குழு விசாரிக்கும், மேல்முறையீடு எங்கே? ஒரு பக்கம் நீக்கினால் மறுபக்கப் பட்டம் தானாக ரத்தாகுமா, அல்லது அவர் இங்கேயே ஒற்றைப் பட்டத்தோடு முடித்துக்கொள்ளலாமா? பாடம் நடக்கும் இடத்தின் விதியே அந்தப் பாடத்துக்குப் பொருந்தும், நீக்கம் மட்டும் இருதரப்புக் குழுவுக்கு வரும் என்று ஒரே பத்தியில் எழுதிவிடலாம். எழுதாவிட்டால் நீதிமன்றம் எழுதும்.

இந்த இடத்தில் நான்காவதாக ஒரு குறுக்குவழியையும் சொல்லிவிட வேண்டும். வேறொரு கல்லூரி நடத்தும் படிப்புக்குத் தன் பட்டத்தைக் கொடுத்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது. செலவே இல்லாத வருமானம்போலத் தோன்றும். வேல்ஸ் பல்கலைக்கழகம் வெளிநாட்டுக் கல்லூரிகள் உட்படப் பல இடங்களுக்கு இப்படிப் பட்டம் கொடுத்துவந்தது. தரக் கட்டுப்பாடு பற்றிய சர்ச்சைகளுக்குப் பிறகு 2011இல் அந்த வேலையைக் கைவிடுவதாக அறிவிக்க வேண்டிவந்தது. கண்காணிக்க ஆள் அனுப்பும் செலவைச் சேர்த்தால் இந்த லாபக் கணக்கு நிற்காது; சேர்க்காவிட்டால் பெயர் நிற்காது.

வளாகம்: மாணவர் எண்ணிக்கை என்ற புதைகுழி

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தொடங்கிய வளாகம் 2007 மார்ச்சில் வகுப்பைத் தொடங்கி அதே ஆண்டு ஜூனில் மூடப்பட்டது. எதிர்பார்த்தது 300 மாணவர், சேர்ந்தது 148. ஒரே செமஸ்டரில் மூடியது பீதியா, விவேகமா என்று இன்னும் பேசுகிறார்கள். விவேகம் என்றே சொல்லலாம். ஏனென்று கணக்கே காட்டும்.

நான்காண்டுப் படிப்பு, ஆண்டுக்கு 300 பேர், யாரும் இடையில் விலகவில்லை என்று வைத்துக்கொள்வோம். நான்காம் ஆண்டில் 1,200 பேர் இருக்க வேண்டும். முதல் ஆண்டில் மட்டும் 150 பேர் குறைந்து, அடுத்த ஆண்டுகள் எல்லாம் திட்டப்படியே நிரம்பினாலும், அந்த 150 காலி இடம் நான்கு ஆண்டும் கூடவே நடந்து வரும். மொத்தம் 600 மாணவர்-ஆண்டுக் கட்டணம் போச்சு. இரண்டாம் ஆண்டும் அப்படியே குறைந்தால் 1,200. ஆசிரியர் சம்பளமும் கட்டடக் கடனும் 1,200 பேருக்கென்று போட்டதாயிற்றே, அவை குறையாது. அதனால் திட்ட அறிக்கையில் எண்ணிக்கை பாதியானால் எத்தனை ஆண்டு தாங்குவோம் என்ற பக்கம் இல்லையென்றால் நிதிக்குழு அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

யார் பணம் என்பது அடுத்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகம் 2010இல் தொடங்கியதிலிருந்து அதற்கு அபுதாபி அரசின் நிதிதான் முதுகெலும்பு. தோஹாவின் கல்வி நகரில் உள்ள அமெரிக்கக் கிளைகளைத் தாங்குவது கத்தார் அறக்கட்டளை. கட்டடச் சுமை இல்லாததால் இது பாதுகாப்பான வழி என்று தோன்றும். ஆனால் 2003இல் தொடங்கிய டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் கத்தார் கிளையை 2028க்குள் மூடுவது என்று 2024 பிப்ரவரியில் முடிவெடுத்தது தாய்ப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு. பணம் தீரவில்லை, சொந்த நாட்டில் காற்று மாறியது. விருந்தோம்பும் அரசைப் பற்றி மட்டும் ஆபத்துக் கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் நடத்திய வளாகத்தில் நடந்தது நேர்மாறு. உள்ளூர் கூட்டாளி நிதியைக் குறைத்ததோடு நிர்வாக அமைப்பையும் மாற்றச் சொன்னது. 2009இல் ஒரு மாணவருக்கும் பட்டம் கொடுக்காமலே வளாகம் மூடப்பட்டது. வளாகத் தலைவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதைப் பணம் கொடுப்பவர் பிறகு மாற்ற முடியாதபடி முதலிலேயே பூட்டிவிட வேண்டும். சீனாவில் அந்தப் பூட்டு சட்டத்திலேயே இருக்கிறது. 2003 விதிமுறைப்படி கூட்டு நிறுவனத்தின் ஆட்சிக்குழுவில் பாதிக்குக் குறையாமல் சீனத் தரப்பினர் இருக்க வேண்டும், நிறுவனத்தின் நிர்வாகத் தலைவர் சீனக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004இல் சீனாவின் நிங்போ நகருக்குப் போன பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும் இந்தச் சட்டகத்துக்குள்தான் இயங்குகிறது. கட்டுப்பாடு பிடிக்காதவர் போகாமல் இருக்கலாம். ஆனால் என்ன கட்டுப்பாடு என்பது போகும் முன்பே தெரிகிறது.

வெளியேறுவதைச் சரியாகச் செய்ததற்கு அமெரிக்காவின் யேலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் (என்யுஎஸ்) சேர்ந்து சிங்கப்பூரில் நடத்திய யேல்-என்யுஎஸ் கல்லூரியைக் காட்டலாம். அதை மூடும் முடிவை அறிவித்த விதம் கடும் கண்டனத்துக்கு உள்ளானது, அது வேறு கதை. 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அந்த ஆண்டு சேர்ந்தவர்களே கடைசி அணி, அவர்கள் 2025இல் பட்டம் பெறும் வரை கல்லூரி நடந்தது. பட்டத்தைக் கொடுத்தது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமே என்பதால், யேல் விலகினாலும் சான்றிதழ் அனாதையாகவில்லை.

எத்தனை பெரிதாகத் தொடங்குவது? சென்னை ஐஐடி 2023இல் தான்சானியாவின் சான்சிபாரில் தொடங்கியபோது இளநிலைக்கு 50 இடம், முதுநிலைக்கு 20 இடம், தற்காலிக வளாகம். பார்வைக்குச் சிறியது, அளவில் சரியானது. நிரந்தரக் கட்டடத்துக்குப் போகும்போது கட்டடத்தை இரண்டாம் ஆண்டு எண்ணிக்கைக்கே கட்டலாம். ஆனால் குடிநீர்க் குழாய், கழிவுநீர், மின்சாரத் தடம், சாலை ஆகியவற்றை முழு அளவுக்கும் முதலிலேயே போட வேண்டும். அவற்றைப் பிறகு பெரிதாக்குவது என்றால் எல்லாவற்றையும் தோண்ட வேண்டிவரும்.

உள்நாட்டு வளாகத்தில் என்ன மாறும்

வெளிநாட்டு மாணவருக்கென்று புதுக் கட்டடம் கேட்பது பன்னாட்டுத் திட்டங்களின் வாடிக்கை. கேட்பதற்கு முன் ஒரு வாரம் வகுப்பறைகளை எண்ணிப் பாருங்கள். பயன்படுத்தக்கூடிய நேரத்தில் 60 சதவீத நேரமே அறையில் வகுப்பு நடந்து, அப்போதும் 60 சதவீத இருக்கையே நிரம்பினால், உண்மையான பயன்பாடு 36 சதவீதம்தான். அங்கே தேவை திருத்திய கால அட்டவணை, கட்டடம் அல்ல.

விடுதி அப்படியல்ல. பரிமாற்ற மாணவருக்கு ஐந்து மாதம் அறை வேண்டும், விடுதி கல்வியாண்டு முழுமைக்கும் ஒதுக்குகிறது. முதல் செமஸ்டரில் இருபது பேர் வந்து இரண்டாவதில் எட்டுப் பேர் வந்தால் பன்னிரண்டு கட்டில் காலி. அந்த இழப்பு யார் கணக்கில் என்று எங்கும் எழுதியிருக்காது. பன்னாட்டு அலுவலகத்தின் கணக்கில் எழுதுங்கள், செமஸ்டர் சமநிலை தானாக வரும். கூட்டுப் பட்டத்துக்கு விடுதியைவிட ஆய்வக நேரமே நெருக்கடி, ஏனென்றால் வரும் அணி ஒரே ஆண்டின் ஒரே பாடங்களில் மொத்தமாக இறங்கும்.

பரிமாற்றத்தில் மூன்று ஆண்டு கணக்குச் சமன் செய்து காட்டாத பல்கலைக்கழகம் கூட்டுப் பட்டம் கேட்டு வந்தால் கல்விக்குழு மறுக்கலாம். கூட்டுப் பட்டத்தில் ஓர் அணியையாவது சிக்கலின்றி வெளியே அனுப்பாதவர் வளாகம் என்று கொண்டுவந்தால் சிண்டிகேட் மறுக்கலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு: விருந்தோம்பும் அரசே நிலமும் கட்டடமும் தந்து, மூடும் நாளில் மாணவரைப் படித்து முடிக்கவைக்கும் செலவுக்கான தொகையைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே கட்டிவைக்க ஒப்புக்கொண்டால், படிகளைத் தாண்டிப் பேசலாம். அந்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளாமல் கட்டடத்தை மட்டும் தருகிறேன் என்பவரிடம் பரிமாற்ற ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.