நாணயமா, பணத்தாளா?

சேகரிப்பைத் தொடங்கும் பலர் இவ்விரண்டுக்கும் இடையே தயங்குவதால், இந்திய வெளியீடுகளை மட்டும் கொண்டு ஒப்பிடுகிறேன்.

செலவு: புழக்கத்திலுள்ள நாணயங்களை முகமதிப்பிலேயே திரட்டலாம். பணத்தாளில் மடிப்பு விழாததற்கே மதிப்பு என்பதால், பெரும்பாலும் கூடுதல் விலை கொடுத்தே வாங்க நேரும்.

பாதுகாப்பு: நாணயம் கறுத்தாலும் அழியாது, ஆனால் புளி போட்டுத் துலக்கினால் அதன் மதிப்பு போய்விடும், இந்த ஆசையை அடக்குவதுதான் கடினம். தாளுக்கு ஈரம், பூச்சி, வெயில் மூன்றும் பகை. மலிவான பிவிசி என்னும் பிளாஸ்டிக் உறையும் நாளடைவில் கெடுதலே செய்யும்.

தேடலின் சுவை: நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லையெனில் கொல்கத்தா என்று நாணயச்சாலையை அறியலாம் என்பதால், ஒரே ஆண்டின் ஒரே காசையே நான்கு வகையாகத் தேட இடமுண்டு. தாளில் கையொப்பமே திறவுகோல்: ஒரு ரூபாய்த் தாளில் நிதித்துறைச் செயலரும் மற்றவற்றில் ரிசர்வ் வங்கி ஆளுநரும் ஒப்பமிடுவர். வரிசை எண்ணுக்கிடையே நட்சத்திரம் இருந்தால், அது அச்சில் பழுதானதற்கு மாற்றாக வந்த தாள்.

சிறுவர்க்கும், ஈரக்காற்று வீசும் ஊர்க்காரர்க்கும் நாணயமே ஏற்றது. ஓவியத்திலும் கையொப்ப வரலாற்றிலும் ஆர்வமுள்ளோர், நல்ல உறைகளுக்குச் செலவிட முடியுமெனில், பணத்தாளை நாடலாம்.