காபியா, சுக்கா, மோரா? தலைவலிக்கு எது கை கொடுக்கிறது

தலை வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும், எங்கள் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு வைத்தியம் கிளம்பிவிடும். அப்பா ஸ்ட்ராங் காபி கட்சி. அம்மா சுக்கு மல்லி கட்சி. மாமியாரோ "முதல்ல ஒரு சொம்பு மோர் குடிச்சிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்பார். மாதம் மூன்று நான்கு தடவை தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள் நான், அதனால் மூன்றையும் வருடக்கணக்காக என் தலையிலேயே சோதித்தாயிற்று.

வேகம் என்று பார்த்தால் காபிதான் முதல். குடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தலைக்குள் விரிந்து கிடக்கும் ரத்தக் குழாய்களைக் காஃபீன் சுருக்குகிறது, வலி மாத்திரையின் வேலையையும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறது. கடையில் வாங்கும் தலைவலி மாத்திரைகள் சிலவற்றின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பாரசிட்டமாலோடு காஃபீனும் எழுதியிருக்கும். அப்படிப்பட்ட மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மேலே இரண்டு டம்ளர் டிகாஷன் காபியும் குடித்துவிட்டு, ராத்திரி தூக்கம் வரவில்லை என்று புரள்வதில் அர்த்தமே இல்லை.

ஆனால் காபி கொடுப்பது கடன், அதை வட்டியோடு வசூலிக்கும். தினமும் குடிக்கிற உடம்புக்குக் காபி நின்றுபோனால் 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பித்துவிடும், இரண்டாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும். மாமியார் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் இருப்பார், காபியும் கிடையாது. வருடா வருடம் இரண்டாம் நாள் மத்தியானம் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். பசி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போன வருடம் கெஞ்சிக் கூத்தாடி, காலையில் அரை டம்ளர் காபி மட்டும் குடிக்க வைத்தேன். ஆறு நாளும் துணி கட்டவில்லை, முருகனும் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணி வரை தூங்கி எழுந்ததும் சிலருக்குத் தலை கனக்குமே, அதிலும் பாதி இந்தக் கணக்குதான். ஆறு மணிக் காபி ஒன்பதரைக்குத் தள்ளிப்போயிருக்கும்.

சுக்கு மல்லிக் காபி என்று பெயர்தானே தவிர அதில் காபிப்பொடி கிடையாது, அதனால் இந்தக் கடன் தொல்லையும் கிடையாது. ஒற்றைத் தலைவலியோடு வயிற்றைப் புரட்டுகிற ரகமா உங்களுடையது? அப்படியானால் என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு இதற்குத்தான், ஏனென்றால் இஞ்சிக்குக் குமட்டலை அடக்குகிற குணம் உண்டு, பால் காபியோ அந்த நேரத்தில் உள்ளே போன வேகத்தில் வெளியே வரும். ஈரானில் நூறு பேரை வைத்துச் செய்து 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கால் கிராம் இஞ்சிப் பொடியையும் ஒற்றைத் தலைவலிக்கு டாக்டர்கள் எழுதித் தரும் சுமட்ரிப்டான் மாத்திரையையும் ஒப்பிட்டார்கள், இரண்டு மணி நேரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வலியைக் குறைத்தன. உடனே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது ஒரே ஓர் ஆய்வு. தலைவலி வராமல் தடுக்க இஞ்சியைத் தினமும் கொடுத்துப் பார்த்த பிரேசில் ஆய்வில் பெரிதாக எந்தப் பலனும் தெரியவில்லை. ஆக, வலி தலைகாட்டும்போதே குடித்தால்தான் பிரயோஜனம்.

செய்வது இப்படி. சுக்கு 50 கிராம், மல்லி விதை 100 கிராம், மிளகு இரண்டு டீஸ்பூன், ஏலக்காய் ஐந்து. சுக்கின் மேல்தோலைச் சுரண்டிவிட வேண்டும், சுக்குக்குப் புறத்தே நஞ்சு, கடுக்காய்க்கு அகத்தே நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள். அப்புறம் அதை இடிகல்லில் நன்றாக நசுக்கிக்கொள்ளுங்கள், முழுசாகப் போட்டால் மிக்ஸி பிளேடு போய்விடும் (போயிருக்கிறது). மல்லியை வாசம் வரும்வரை வறுத்து, எல்லாவற்றையும் கொரகொரப்பாகப் பொடித்து டப்பாவில் போட்டு வைத்தால் இரண்டு மாதம் கவலையில்லை. ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பொடி, சின்னத் துண்டு கருப்பட்டி, ஒரு டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கட்டும். கருப்பட்டியில் மண் இருக்கும், வடிகட்டாமல் குடிக்காதீர்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மிளகைக் குறைத்துக்கொள்ளலாம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடிப்பது நல்லது.

மோரை நான் ரொம்ப நாள் மதிக்கவே இல்லை. ஒரு சித்திரை மாத மத்தியானம் பத்திர வேலையாக அலைந்து, நாலு மணி நேரம் வரிசையில் நின்று, தண்ணீர் குடிக்காமல், சாப்பிடாமல், மண்டை பிளக்க வீட்டுக்கு வந்தேன். காபி போடப் போனவளைத் தடுத்து மாமியார் கையில் சொம்பைத் திணித்தார், இரண்டு கரண்டி தயிரில் நிறையத் தண்ணீர் விட்டு உப்பு, தட்டிய இஞ்சி, கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை, பெருங்காயம். கூடவே கொஞ்சம் தயிர் சாதம். முக்கால் மணி நேரத்தில் தலை லேசாகிவிட்டது. உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றி, வயிறும் காலியாக இருக்கும்போது வருகிற தலைவலிக்கு அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் மருந்து, அந்த வெயிலில் காபி குடித்திருந்தால் காரணம் அப்படியே உள்ளே இருந்திருக்கும். அன்றிலிருந்து தலைவலி என்றால் நான் முதலில் கேட்டுக்கொள்வது, கடைசியாக எப்போது சாப்பிட்டேன், எப்போது தண்ணீர் குடித்தேன் என்பதைத்தான். விடை கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் தேவைப்படுவதே இல்லை.

சுக்கை உரைத்து நெற்றியில் பத்துப் போடுகிறார்களே, அதைச் சொல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வார். சளி கட்டிக்கொண்டு நெற்றி கனக்கும்போது சுகமாக இருக்கும், ஒற்றைத் தலைவலியில் அந்த நெடியே சிலருக்கு ஆகாது. ஒருமுறை காய்ந்த பத்து உதிர்ந்து கண்ணில் விழுந்தது, அரை மணி நேரம் தலைவலியே மறந்துபோனது.

மாதத்தில் பத்து, பதினைந்து நாள் மாத்திரை போடுகிற நிலைமை என்றால், மாத்திரையாலேயே தலைவலி வரும், அதைச் சுக்கு சரிசெய்யாது. சடாரென்று இதுவரை வராத அளவுக்கு வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வது, அடிபட்ட பிறகு வரும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி, இதிலெல்லாம் அடுப்பைப் பற்றவைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அப்பா இன்னமும் கட்சி மாறவில்லை. ஆனால் நாலு மணிக் காபிக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறார். கேட்டால் தொண்டை வறட்சியாம்.