இரண்டு வருடம் ஒரு சொட்டு ஒழுகவில்லை, இருந்தும் அந்த ரேடியேட்டரை வாங்காதே என்கிறேன்

போன வாரம் மச்சினன் போன் செய்தான். "மாமா, என் வண்டியிலயும் ரேடியேட்டர் ஒழுகுது. நீங்க வீட்டிலயே மாத்துனீங்கள்ல, நானும் மாத்தலாமா?" தாராளமா மாத்தலாம் என்றேன். "அப்போ நீங்க ஒரிஜினல் இல்லாம பாதி விலைக்கு வாங்குன அதே ரேடியேட்டரை வாங்கிக்கிறேன்" என்றான். அதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது பன்னிரண்டு வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். 2023 மே மாதம், சேலத்து வெயில் உச்சத்தில் இருந்த நேரம், ரிசர்வ் பாட்டிலில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், குறைந்துகொண்டே வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, அலுமினிய உடம்பும் பக்கத்து பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பில் பச்சை நிறத்தில் உப்புப் பூத்திருந்தது. கூலன்ட் கசிந்து காய்ந்த தடம் அது. பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் ஈயப்பற்று வைத்து ஓட்டலாம். இதில் பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் நடுவில் ஒரு ரப்பர் வைத்து மடித்திருக்கிறார்கள். ரப்பர் செத்துவிட்டால் பற்று வைக்க இடமே இல்லை. பட்டறையில் மஞ்சள் தூள் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்றார்கள். ஓட்டையை அடைக்கிற தூள் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களையும் அடைக்கும் என்பதால் எனக்கு மனசு வரவில்லை. சூடு ஏறினால் மட்டும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுங்கள் என்றும் ஒருவர் சொன்னார். அதைக் கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். ஒழுகல் அப்படியேதான் இருக்கும்.

வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. வண்டி ராத்திரி முழுக்க நின்று ஆறியிருந்தது, அதனால்தான் ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். மூடியில் 0.9 என்று அழுத்த அளவை அச்சிட்டிருப்பது சும்மா இல்லை. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் கொதிக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மச்சினனிடம் முதலில் சொல்லப்போவது இதைத்தான்.

கூலன்ட்டை ஒரு பேசினில் பிடித்து, கேனில் ஊற்றி மூடி வைத்தேன். அது இனிக்கும், ஆனால் விஷம்; நாய் நக்கிக் குடித்தால் பிழைப்பது கஷ்டம். எங்கள் தெருவில் நாலு நாய்கள் இருக்கின்றன. ஏசி கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சர், ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதன் பைப்பைத் தொடாமல், கயிறு போட்டு மேலே கட்டிவிட்டால் போதும். கீழ் ஹோஸ் மட்டும் அசையவே இல்லை. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியிருந்தால் கழுத்து உடைந்திருக்கும். எப்படியும் புது ஹோஸ் போடப்போகிறோம் என்று கத்தியால் நீளவாட்டில் கீறி எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் பத்து நம்பர் ஸ்பேனர் வேலை.

புது ரேடியேட்டரை மாட்டியதும் போர் தண்ணீர் ஊற்றவில்லை. கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. வாசல் சரிவில் வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுசாகப் போட்டு ஓடவிட்டேன். மே மாதத்தில் ஹீட்டர்! ஆனால் ஏர் லாக், அதாவது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று, போக அதுதான் வழி. தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு குபுக்கென்று இறங்கியது, ஊற்றி நிரப்பினேன். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்றபிறகுதான் மூடியைப் போட்டேன்.

அதிலிருந்து 22,000 கிலோமீட்டர். ஏசியோடு ஐந்து பேர் ஏற்காடு போயிருக்கிறோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்வரை மீட்டர் முள் நடுவைத் தாண்டவில்லை. ரிசர்வ் பாட்டிலில் கூலன்ட், காலையில் பார்த்தால் இன்றும் நான் பேனாவால் போட்ட கோட்டில்தான் நிற்கிறது. குளிர்விக்கிற வேலையில் இதற்கு ஒரு குறை சொன்னால் அது பொய்.

ஆனால் ஃபேனைச் சுற்றி இருக்கும் கவரை மாட்டுகிற துளை! பழைய ரேடியேட்டரில் கவர் கீழே இரண்டு காடியில் சொருகி, மேலே இரண்டு போல்ட்டில் கச்சிதமாக உட்காரும். புதியதில் வலது மேல் துளை மூன்று மில்லி தள்ளியிருந்தது. அன்றைக்குக் கடை கிடையாது, திருப்பிக் கொடுக்க வழியில்லை. கவரின் துளையை வட்ட அரத்தால் ராவி நீளமாக்கி போல்ட்டை முடுக்கினேன். மேலே பிடித்தது, ஆனால் கீழே வலதுபக்க நாக்கு காடிக்குள் முழுசாக இறங்கவில்லை. விரலை வைத்தால் ஆடுவது தெரியும்.

சிக்னலில் நிற்கிறோம், ஃபேன் ஓட ஆரம்பிக்கிறது, ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு ஒரு அதிர்வு வருகிறது. கூடவே வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு 'ர்ர்ர்' சத்தம். ஃபேன் நின்றால் நிற்கும், மறுபடி ஓடினால் மறுபடி வரும். சைக்கிள் டியூபை வெட்டி, இரண்டு மடிப்பாக மடித்து நாக்குக்கும் காடிக்கும் நடுவில் செருகினேன். ஆறு மாதம் நிம்மதி. இன்ஜின் சூட்டில் ரப்பர் அப்பளம் மாதிரி விறைத்ததும் சத்தம் திரும்ப வந்துவிட்டது. இதுவரை நாலு முறை டியூப் மாற்றிவிட்டேன். ஒரிஜினலில் பாதி விலைக்குக் கிடைத்தது உண்மைதான். ஆனால் இவ்வளவு நல்ல ரேடியேட்டரைச் செய்தவர்கள் ஒரு துளையைச் சரியான இடத்தில் போட்டிருக்கலாமே என்ற கோபம், இரண்டு வருடமாக ஒவ்வொரு சிக்னலிலும் வருகிறது.

அதனால் மச்சினனுக்கு என் பதில்: வேலையை வீட்டிலேயே செய், பயப்படாதே, நானும் வருகிறேன். ஆனால் இந்த ரேடியேட்டர் வேண்டாம், இரண்டு மடங்கு கொடுத்தாவது ஒரிஜினலே வாங்கு. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கடை திறந்திருக்கிற நாளாகப் பார்.

எனக்கும் அடுத்த மாதம் கூலன்ட் மாற்றணும். அதோடு இதையும் கழற்றிவிடப் போகிறேன். நல்லா ஓடுற சாமானை ஏன்டா கழட்டுற என்று அப்பா கேட்கிறார். அவர் பின்சீட்டில் உட்காருகிறவர், அவர் கைக்கு அந்த அதிர்வு தெரியாது. மேல் துளைகளுக்கும் கீழ்க் காடிகளுக்கும் நடுவில் இருக்கும் அளவை ஒரு காலண்டர் அட்டையில் வரைந்து வெட்டி வைத்திருக்கிறேன். கடையில் பெட்டியைப் பிரித்து, அட்டையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.