ஜிசி-எம்எஸ்ஸா, பிடிஆர்-எம்எஸ்ஸா?

காபி வாசனையில் என்னென்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமா, அல்லது அது எந்த நொடியில் எழுகிறது என்றா? வாசனையை ஆராயும் ஜிசி-எம்எஸ் (வாயு நிறப்பகுப்பு-நிறை நிறமாலைமானி), பிடிஆர்-எம்எஸ் (புரோட்டான் மாற்ற நிறை நிறமாலைமானி) ஆகிய இரண்டு கருவிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இதைப் பொறுத்துத்தான்.

ஜிசி-எம்எஸ் நிதானமான ஆள். பொடி போட்ட குப்பிக்குள் ஒரு நாரிழையை நீட்டி ஆவியைப் பிடித்து, முடி போன்ற நீளக் குழாயில் அனுப்பினால் சேர்மங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்து, 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் மோதி நொறுங்கும், அந்தத் துண்டுகளைத் தரவு நூலகத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் பெயர் கிடைத்துவிடும். ஒரு மாதிரிக்கு அரை மணி நேரம் போய்விடும், டீ குடித்துவிட்டு வரலாம்.

1990களில் ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக்கில் வெர்னர் லிண்டிங்கர் குழு உருவாக்கிய பிடிஆர்-எம்எஸ் எதையும் பிரிப்பதில்லை. காற்றை நேராக இழுத்து, ஹைட்ரோனியம் அயனியிலிருந்து (கூடுதலாக ஒரு புரோட்டான் ஏறிய நீர் மூலக்கூறு) ஒரு புரோட்டானை வாசனை மூலக்கூறின் மேல் மென்மையாக ஏற்றி, அதன் நிறையை அளந்துவிடும். கொட்டை வறுபடும்போதே, ஏன், காபியை விழுங்கியதும் மூக்கு வழி வரும் மூச்சைக்கூட, நொடிக்கு நொடி பார்க்கலாம்.

சரி, பிடிஆர்-எம்எஸ்ஸிடம் ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து காட்டுங்கள். லிமோனீன், பைனீன் என்ற வாசனைச் சேர்மங்கள் இரண்டுக்கும் நிறை ஒன்றே என்பதால், புரோட்டான் ஏறியதும் நிறை எண் 137இல் ஒரே கோடாக நிற்கும், எது எது என்று அதற்குத் தெரியாது! ஜிசியில் இரண்டும் தனித்தனி. ஒன்றுக்குத்தான் காசு என்றால், நான் ஜிசி-எம்எஸ்தான் வாங்குவேன்.