உளவியல்: இளங்கலையோடு நிறுத்துவதா, மேலே படிப்பதா?

இளங்கலை உளவியல் 3 அல்லது 4 ஆண்டுகளில் முடிந்துவிடும். செலவு அத்தோடு நிற்கும், சம்பளமும் சீக்கிரம் வரும். ஆனால் இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலான நாடுகளில் உளவியலாளராகச் சிகிச்சை தர முடியாது. மனிதவளம், சந்தை ஆய்வு, சமூகப் பணி என்றுதான் வேலை தேட வேண்டும். அங்கே வேறு பட்டதாரிகளும் போட்டிக்கு நிற்பார்கள். அவர்களிடமிருந்து நம்மைப் பிரித்துக்காட்டுவது புள்ளியியலும் ஆய்வு முறைகளும்தான். பலர் அந்த இரண்டையும் ஒப்பேற்றிவிட்டு வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மனநலச் சிக்கல்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியல் என்றால் கணக்கே வேறு. முதுகலை, சில நாடுகளில் முனைவர் பட்டம், அப்புறம் மேற்பார்வையில் பயிற்சி, உரிமம். கல்விக் கட்டணத்தோடு, அத்தனை ஆண்டுகள் ஈட்டாமல் விடும் சம்பளத்தையும் செலவில் சேர்க்க வேண்டும். பலர் இதைச் சேர்ப்பதே இல்லை. உரிமம் கிடைத்தபின் தனியாகத் தொழில் நடத்தலாம், அந்தச் சுதந்திரம் பெரிது.

சிகிச்சை தருவதுதான் விருப்பம் என்றால் இரண்டாவதுதான் வழி. மனம் உறுதியாகவில்லையா? சரி, இளங்கலைக்குப் பின் ஓரிரு ஆண்டுகள் வேலை பாருங்கள். கடன் வாங்கி உடனே முதுகலையில் சேரச் சொல்ல மாட்டேன்.