‘சர்வீஸ் செய்தது’ என்று விற்கப்படும் பிலிம் கேமரா: பணம் கொடுக்கும் முன் தொலைதூரக் கோபுரத்தைப் பாருங்கள்

சென்னையில் பழைய கேமராக்கள் விற்கும் ஒருவரிடம் நிக்கான் எஃப்எம்2 ஒன்றை 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸுடன் வாங்கினேன். 1982-ல் வெளிவந்த மாடல். பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கும் என்பதால் இன்றும் நல்ல கிராக்கி. “முழு சர்வீஸ் முடிந்தது சார், உள்ளே ஃபோம் எல்லாம் புதிது” என்று சொல்லி, அதற்கென்று தனியாக விலை ஏற்றினார். ஒரு வாரம் செக்கிங் வாரண்டி.

அந்த வாரண்டிதான் முதல் ஏமாற்று. ரோலை எடுத்து முடித்து, வெளியூர் லேபுக்கு அனுப்பி, ஸ்கேன் வந்து சேர்வதற்குள் அது காலாவதியாகிவிடும். விற்பவருக்கு இது நன்றாகவே தெரியும்.

வந்த படங்களில் வெயிலில் லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/11-ல் எடுத்தவை எல்லாம் தெளிவு. சாயங்காலம் துளையை முழுதாகத் திறந்து எஃப்/1.8-ல் எடுத்த முகங்களில் கண் மங்கல், மூக்கு நுனி துல்லியம். போனில் கேட்டபோது பதில்கள் வரிசையாக வந்தன: கை ஆடியிருக்கும், பிலிம் பழசு, லேப் சரியாக ஸ்கேன் செய்யவில்லை, கடைசியில் “உங்கள் கண்ணாடி பவர் மாறியிருக்கும் சார்.” கை ஆடினால் படம் முழுக்க ஒரே திசையில் இழுபடும், மூக்கு மட்டும் எப்படித் தப்பும்? ஸ்கேன் கெட்டிருந்தாலும் அதே கதைதான். பவர் விஷயமும் எடுபடாது. கண் வைத்துப் பார்க்கும் இந்த வியூஃபைண்டரின் நடுவில் பிம்பம் இரண்டாகப் பிளந்து தெரியும், ஃபோகஸ் சரியானால் ஒன்று சேரும். பிளந்த கோடு சேர்ந்ததா இல்லையா என்று பார்ப்பதற்குக் கழுகுக் கண் தேவையில்லை.

இதற்குப் பிறகு அவரோடு பேசிப் பயனில்லை என்று கேமராவையே விசாரித்தேன். தையல் டேப்பைச் சாய்வாக விரித்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று, ஓர் எண்ணில் ஃபோகஸ் வைத்து லென்ஸை முழுதாகத் திறந்து எடுத்தால், ஒவ்வொரு படத்திலும் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் முன்னால் இருக்கும் எண்தான் தெளிவாக வந்தது. அந்தத் தூரத்தில் இந்த லென்ஸுக்குத் தெளிவான பரப்பே மொத்தம் நான்கு சென்டிமீட்டர்தான். அதே லென்ஸை நண்பரின் கேமராவில் மாட்டினால் குறை இல்லை. அப்படியென்றால் கோளாறு என் கேமராவின் உடலில்.

அடுத்தது பிலிமே தேவைப்படாத சோதனை. பின்மூடியைத் திறந்து, ஷட்டரை ‘பி’-யில் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை திறந்தே நிற்கும் நிலை) வைத்து, பட்டனை அழுத்திப் பிடிக்கும் கேபிள் ரிலீஸால் பூட்டி, பிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் டிரேசிங் தாள் ஒட்டிய சிறு கண்ணாடித் துண்டைத் தாள் பக்கம் லென்ஸை நோக்க வையுங்கள். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறியில் (∞) நிறுத்தி, தொலைவில் உள்ள செல்போன் கோபுரத்தைப் பாருங்கள். என் கேமராவில் தாளின் மேல் கோபுரம் கம்பி கம்பியாகத் தெரிந்தது. பின் ஷட்டரை மூடி வியூஃபைண்டரில் பார்த்தால், வளையம் முடிவிலிக் குறிக்கு வரும் முன்பே பிளந்த கோடுகள் சேர்ந்து, குறியில் மறுபடி விலகி நின்றன. பிலிம் பக்கம் சரி, லென்ஸ் வழி வரும் பிம்பத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பும் மிரர் பக்கம்தான் பிசகு.

நிக்கானில் லென்ஸ் வாயிலிலிருந்து பிலிம் வரை 46.5 மி.மீ. மிரரில் பட்டு மேலே வியூஃபைண்டர் திரைக்குப் போகும் வழியும் அதற்கு நிகராக இருக்க வேண்டும். அதில் 0.2 மி.மீ. குறைந்தாலே ஒரு மீட்டரில் அந்த ஏழு சென்டிமீட்டர் வந்துவிடும்.

வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். மிரர் கீழே வந்து அமரும் இடத்தில் பழைய ஃபோமின் பிசினும் புதுப் பசையும் சேர்ந்து காய்ந்து, ஒரு துளி மேடாக நின்றது. கால் மில்லிமீட்டர் இருக்கும். மிரர் முழுதாக இறங்காமல் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. அதாவது குறையை உண்டாக்கியதே நான் கூடுதல் விலை கொடுத்த அந்த ‘சர்வீஸ்’.

கடையில் வாங்குகிறவர்கள் வாசலுக்கு வந்து கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ பார்த்து, முடிவிலிக் குறியில் கோடு சேருகிறதா என்று கவனியுங்கள். முடிந்தால் இரண்டு லென்ஸ் மாட்டிப் பாருங்கள். நடுப்பகலில் எடுத்த மாதிரிப் படங்களைக் காட்டினால் நம்பாதீர்கள். லென்ஸை முழுதாகத் திறந்து எடுத்த படத்தைக் கேளுங்கள். ஷட்டர் சத்தம் கேட்பதெல்லாம் சோதனையே அல்ல.

மெக்கானிக் வாங்கிய கூலியைவிடப் பிலிமுக்கும் லேபுக்கும் போன பணம் அதிகம். அதையாவது தரும்படி விற்றவரிடம் கேட்டேன். “வெளியாள் கை வைத்துவிட்டார் சார், இனி நாங்கள் பொறுப்பில்லை” என்றார்.